புல் காயும் மாதங்களில் மலைப்பாதை மூடியே இருக்கட்டும்

வெயில் ஏற ஏற, சமவெளியில் இருப்பவர்களுக்கு மலை நினைவு வருவது இயல்பு. காலையில் கிளம்பி, புல்வெளி வழியாக ஏறி, உச்சியில் நின்று பள்ளத்தாக்கைக் கண்குளிரப் பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் இறங்கிவிடும் ஒருநாள் மலையேற்றத்துக்கு இளைஞர்களிடையே பெரும் வரவேற்பு இருக்கிறது. தமிழக அரசும் 2024 அக்டோபரில் 40 பாதைகளுடன் மலையேற்றத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. காட்டுத்தீ அபாயம் உள்ள மாதங்களில் அந்தப் பாதைகள் மூடப்படுவதை வீண் கெடுபிடி என்று குறைசொல்பவர்கள் உண்டு. அந்தத் தடையைத் தளர்த்தக் கூடாது. அதேசமயம், அதன் சுமையை மலைவாழ் மக்களின் தலையில் மட்டும் ஏற்றிவிடவும் கூடாது.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மூண்ட தீ, கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினரைச் சூழ்ந்தது. அன்றும் அடுத்து வந்த நாட்களிலுமாக 23 உயிர்கள் போயின. மழைக்காலத்தில் செழித்து வளரும் மலைப்புல், ஜனவரிப் பனியில் கருகி, பிப்ரவரி முடிவதற்குள் சருகாகிவிடும். ஒரு கொத்தைக் கையில் எடுத்துக் கசக்கினால் பொடியாக உதிரும். சரிவில் பற்றும் தீயின் சுடர் மேலே நிற்கும் புல்லை நோக்கிச் சாய்ந்து, அதை இன்னும் உலர்த்திவிடுகிறது. பகல் நேரத்தில் காற்றும் பெரும்பாலும் பள்ளத்தாக்கிலிருந்து மேல்நோக்கியே வீசும். ஆகவே, மேட்டை நோக்கி ஓடுபவரைத் தீ எளிதில் முந்திவிடும். ஒற்றையடிப் பாதையில் வரிசையாகப் போகிறவர்கள் ஒதுங்குவதற்குப் பாறைத் திட்டோ ஏற்கெனவே எரிந்து தணிந்த தரையோதான் உண்டு. புகைமூட்டத்தில் அதைக் கண்டுபிடிப்பது அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கும் கடினம்.

தீ வைப்பது வேறு யாரோ, நடப்பவர்களை ஏன் தடுக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். யார் வைத்தாலும் தீ ஒன்றுதான். அந்த நேரத்தில் சரிவில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதே உயிர்ச்சேதத்தைத் தீர்மானிக்கிறது. பயிற்சி பெற்ற வழிகாட்டி இருந்தால் போதாதா என்றால், போதாது. அவரால் வழிகாட்ட முடியும். காய்ந்த புல்லை ஈரமாக்க முடியாது. தடை விதித்தால் திருட்டுத்தனமாக ஏறுவார்கள் என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. அதற்கு மருந்து, மூடும் நாளை முன்கூட்டியே ஊரறிய அறிவிப்பதும் அடிவாரத்தில் காவலைக் கூட்டுவதும்தான். காட்சியை மட்டும் பார்க்க விரும்புகிறவர்கள் கொழுக்குமலைக்குக் கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்து ஜீப்பிலேயே போகலாம்.

புறக்கணிக்க முடியாத எதிர்வாதம் ஒன்றுதான்: பாதை மூடினால் வழிகாட்டிகளின் கூலி நின்றுவிடுகிறது. அவர்களில் பலர் பழங்குடி இளைஞர்கள். தீத்தடுப்புக் கோடு வெட்டவும் புகை தெரிகிறதா என்று கண்காணிக்கவும் வனத்துறைக்கு ஆட்கள் தேவைப்படுவதும் இதே மாதங்களில்தான். மலையின் ஒவ்வொரு மடிப்பையும் அறிந்த இவர்களைவிட அந்த வேலைக்குப் பொருத்தமானவர்கள் யார்? மூடும் நாட்களையும் நாட்காட்டியை மட்டும் வைத்து முடிவுசெய்யக் கூடாது. கோடைமழை நன்றாகப் பெய்த மலையை முன்னதாகத் திறக்கலாம்; மழை பொய்த்தால் தடையை நீட்டிக்க வேண்டும்.

மலையேற ஆசைப்படுகிறவர்கள் பயணத்தை மழை ஓய்ந்து புல் பசுமையாக இருக்கும் மாதங்களுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். பாதை மூடியிருக்கும் நாட்களுக்கான வேலையையும் கூலியையும் வழிகாட்டிகளுக்கு அரசு உறுதிசெய்ய வேண்டும். குரங்கணியில் 23 உயிர்களைக் கொடுத்துக் கற்ற பாடத்தை, விடுமுறை நெரிசலுக்காக நாம் கைவிடக் கூடாது.