ஊகத்தின் பேரில் கைது கூடாது: செயற்கை நுண்ணறிவும் பயங்கரவாதத் தடைச் சட்டமும்

ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க பாதுகாப்பு அமைச்சையும் டிஜிட்டல் பொருளாதார அமைச்சையும் தம்மிடமே வைத்திருக்கிறார். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி தடுப்புக்காவல் உத்தரவில் கையொப்பமிடும் அதிகாரமும், அரச சேவையில் செயற்கை நுண்ணறிவுக்கு எல்லை வகுக்கும் பொறுப்பும் ஒருவரிடமே இருக்கின்றன. ஆகவே இவ்விரண்டுக்கும் அவர் ஒன்றாகவே பதில் சொல்ல வேண்டும் என்பது புத்தளம் கரையோரத்தில் இயங்கும் எமது அமைப்பின் நிலைப்பாடு.

உயிர்த்த ஞாயிறு தாக்குதல் நடந்து மூன்றாவது வாரம், 2019 மே 12. சிலாபத்தில் முஸ்லிம் கடைக்காரர் ஒருவர் முகநூலில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினார். அதிகம் சிரிக்காதே, ஒருநாள் அழுவாய் என்பது பொருள். வாய்த்தர்க்கம் ஒன்றில் அவர் சொன்ன பதில் அது. முன்னால் யார் என்ன எழுதினார்கள் என்று பாராமல், வரப்போகும் தாக்குதலுக்கான மிரட்டல் என்று பரப்பினார்கள். பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. எழுதியவரே கைதானார். மறுநாள், பரவிய வன்முறையில் எமது மாவட்டத்தின் கொட்டாரமுல்லையில் ஒருவர் கொல்லப்பட்டார்.

அன்று அந்த வரியைப் பிழையாக வாசித்தவர்கள் மனிதர்கள். இனி வாசிப்பது இயந்திரமாக இருக்கலாம். தமிழையும் சிங்களத்தையும் ஆங்கில எழுத்தில் கலந்து எழுதும் எங்கள் பிள்ளைகளின் பேச்சில் பகிடி எது, மிரட்டல் எது என்று அதற்கு எவ்வளவு விளங்கும்? 2018இல் கண்டியில் முஸ்லிம்களுக்கு எதிராக நடந்த வன்முறையில் தன் தளம் தவறாகப் பயன்பட்டதற்கு பேஸ்புக் வருத்தம் தெரிவித்ததே 2020இல்தான்.

பிழை நேர்ந்தால் நீதிமன்றம் திருத்தும் என்பார்கள். சாதாரண சட்டத்தில் பொலிஸாரிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் சாட்சியாகாது. 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டமான பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் உதவிப் பொலிஸ் அத்தியட்சகரிடம் கொடுத்தாலே அது சாட்சி. 2022 திருத்தத்துக்குப் பிறகும் 12 மாதம் வரை தடுத்து வைக்கலாம். சட்டத்தரணி ஹிஜாஸ் ஹிஸ்புல்லா இச்சட்டத்தின் கீழ் 2020 ஏப்ரல் முதல் 2022 பெப்ரவரி வரை பிணையின்றி அடைபட்டிருந்தார். அவருக்கு எதிராக முன்வைக்கப்பட்டவை புத்தளம் மத்ரஸா மாணவர்களின் வாக்குமூலங்கள். தங்களை மிரட்டிக் கையொப்பம் வாங்கியதாக மாணவர்கள் சிலர் உயர் நீதிமன்றம் சென்றார்கள். பிள்ளைகளின் வாக்கையே இப்படிக் கையாளும் சட்டத்திடம், யாரும் குறுக்கு விசாரணை செய்ய முடியாத கணினிக் கணிப்பை ஒப்படைக்க நாங்கள் சம்மதியோம்.

இந்தச் சட்டத்தை ஒழிப்பதாக 2024 தேர்தல் விஞ்ஞாபனத்தில் ஜனாதிபதியின் தேசிய மக்கள் சக்தி வாக்குறுதியளித்தது. மனமார வரவேற்றோம். ஆனால் 2025 மார்ச்சில், இஸ்ரேலுக்கு எதிரான ஸ்டிக்கர் ஒட்டிய 22 வயது இளைஞர் இதே சட்டத்தில் தடுத்து வைக்கப்பட்டார். அது எங்களைக் கடுமையாக வருத்தியது.

வாக்குறுதியளித்தபடி இச்சட்டத்தை நீக்குங்கள். அதே அதிகாரங்களை வேறு பெயரில் திரும்பக் கொண்டுவர வேண்டாம். நீக்கும் வரை 9ஆம் பிரிவு உத்தரவு எதிலும் ஜனாதிபதி கையொப்பமிடக் கூடாது. மென்பொருள் செய்த மொழிபெயர்ப்போ, முக அடையாளமோ, ஆபத்தானவர் என்ற கணிப்போ மட்டும் கைதுக்குக் காரணமாகக் கூடாது. விசாரணையில் அத்தகைய கருவி பயன்பட்டிருந்தால், சந்தேகநபருக்கும் அவரது சட்டத்தரணிக்கும் முதல் நாளே அவர் மொழியில் எழுத்தில் அறிவிக்க வேண்டும். தன்னியக்கமாக எடுக்கப்பட்ட முடிவை மீளாய்வு செய்யக் கோரும் உரிமையை 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் எழுதி வைத்திருக்கிறது. அந்த உரிமை பொலிஸ் நிலையத்துக்குள்ளும் செல்லுபடியாகும் வகையில் சட்டத்தைத் திருத்துங்கள்.