லேசரில் தொப்பை கரையுமா? ஊர் திரும்பும் அந்த ராத்திரியைப் பற்றி யாரும் சொல்வதில்லை

கத்தி கிடையாது, காலையில் வந்தால் சாயங்காலம் வீட்டுக்குப் போயிடலாம் என்கிற ரீதியில்தான் இன்ஸ்டாகிராமில் தொப்பைக் குறைப்பு விளம்பரங்கள் ஓடுகின்றன. அரியலூரிலோ செந்துறையிலோ இருந்து பார்ப்பவருக்கு அடுத்த கணக்கு சுலபம். திருச்சி சுமார் 70 கி.மீ., ஒரு நாள் லீவு போட்டால் முடிந்தது. அந்தக் கணக்கில் விட்டுப்போவது, ஊர் திரும்பிய பிறகு வரும் முதல் ஒன்றிரண்டு நாள்.

2025 பிப்ரவரியில் திருவனந்தபுரத்தில் நடந்தது இதுதான். ஐ.டி. துறையில் வேலை பார்க்கும் 31 வயதுப் பெண், ஒரு அழகு சிகிச்சை கிளினிக்கில் வயிற்றுக் கொழுப்பை எடுத்துக்கொண்டு மறுநாளே வீட்டுக்குப் போனார். பிறகு உடல்நிலை மோசமானது. தொற்று பரவி, கை, கால் விரல்கள் ஒன்பதை அகற்ற வேண்டியதாயிற்று. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 2022 மே மாதம், பெங்களூரில் கன்னட சின்னத்திரை நடிகை சேத்தனா ராஜ் கொழுப்பு நீக்க அறுவை செய்துகொண்ட அன்றே உயிரிழந்தார். அவருக்கு 21 வயது.

இவை எங்கோ நடந்த விபத்துகள், லேசர் என்றால் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் அதிகம். ஆனால் ‘லேசர்’ என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு சிகிச்சைகள் விற்கப்படுகின்றன.

ஒன்று, தோலுக்கு வெளியே கருவியை வைத்துச் சூடேற்றுவது. 1060 நானோமீட்டர் லேசர், கொழுப்பு செல்களை 42 முதல் 47 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கும். ஒரு முறைக்கு 25 நிமிடம். செத்த செல்களை உடல் மெதுவாக வெளியேற்ற 6 முதல் 12 வாரம் ஆகும். அடுத்த வாரக் கல்யாணத்துக்கு உதவாது. ஆபத்து குறைவு, பலனும் மிதமானதே.

மற்றது, சின்னத் துளை போட்டு லேசர் இழையை உள்ளே விட்டு, கொழுப்பை உருக்கி, பெரும்பாலும் உறிஞ்சியும் எடுப்பது. அந்தச் சூட்டில் தோலின் கொலாஜன் சுருங்குவதால் சருமமும் ஓரளவு இறுகும். இந்த வகைக் கருவிக்கு அமெரிக்க எஃப்.டி.ஏ. 2006-இல் அனுமதி கொடுத்தது. துளை சின்னதாக இருந்தாலும் இது அறுவை சிகிச்சைதான். சூடு கொஞ்சம் கூடினால் தோல் உள்ளிருந்தே வெந்துபோகும். தொற்று, ரத்தக்கட்டி போன்ற அபாயங்களும் உண்டு.

மரத்துப்போகும் மருந்தின் கணக்கு

விளம்பரம் சொல்லாத விஷயம் இங்கேதான் இருக்கிறது. இந்தச் சிகிச்சையில் கொழுப்புப் பகுதி முழுக்க, உப்பு நீரில் கலந்த லிடோகெய்ன் மருந்தை நிரப்புவார்கள். அட்ரினலின் சேர்த்த லிடோகெய்னுக்குச் சாதாரணமாக உடல் எடையில் கிலோவுக்கு 7 மில்லிகிராம்தான் வரம்பு. இங்கே நீர்த்த நிலையில் 35, சிலர் 55 வரை போகிறார்கள். 60 கிலோ எடையுள்ளவருக்கு 420 மில்லிகிராம் இருக்க வேண்டிய இடத்தில் 2,100 அல்லது அதற்கும் மேல்.

கொழுப்பிலிருந்து மருந்து மெதுவாகக் கசிவதால்தான் இது சாத்தியமாகிறது. ஆனால் அதே காரணத்தால், ரத்தத்தில் அதன் அளவு உச்சத்தைத் தொடுவது சுமார் 12 மணி நேரம் கழித்து. காலை 11 மணிக்குச் சிகிச்சை என்றால், இரவு 11 மணி. அப்போது டாக்டர் திருச்சியில், நீங்கள் அரியலூரில்.

உதடு, நாக்கு மரத்தல், காதில் இரைச்சல், வாயில் உலோகச் சுவை, தலைசுற்றல் ஆகியவை மருந்து அதிகமானதன் முதல் அறிகுறிகள். அடுத்து வலிப்பு வரலாம், இதயத்துடிப்பு தடுமாறலாம். களைப்பாக இருக்கும், தூங்கினால் சரியாயிடும் என்று விட்டுவிடக் கூடாது. இதற்கான முறிவு மருந்து என்ன தெரியுமா? நரம்பில் ஏற்றும் கொழுப்புக் கரைசல்!

யார் செய்யலாம்?

தேசிய மருத்துவ ஆணையம் 2022 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில், யூடியூப் வீடியோ பார்த்ததையும் பயிலரங்குக்குப் போனதையும் அழகு சிகிச்சை செய்வதற்கான பயிற்சியாகக் கருத முடியாது என்று சொல்ல வேண்டியிருந்தது. எழுதிவைக்க வேண்டிய நிலைமை வந்ததே கவலைக்குரியதுதான். ‘காஸ்மெட்டாலஜிஸ்ட்’ என்ற போர்டை வைத்துத் தகுதியை முடிவுசெய்ய முடியாது. பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச்., அல்லது தோல் மருத்துவத்தில் எம்.டி. முடித்து இதில் நேரடிப் பயிற்சி பெற்றவரா என்று கேளுங்கள். மருத்துவ கவுன்சில் பதிவு எண்ணை ஆன்லைனில் சரிபார்க்கலாம். மயக்கவியல் நிபுணர் இருப்பாரா, ராத்திரி தங்கவைப்பார்களா என்பது அதைவிட முக்கியம். ஐந்து லிட்டருக்கு மேல் எடுப்பதாக இருந்தால் மருத்துவமனையில் தங்கியே ஆக வேண்டும்.

சரி, இவ்வளவும் சரியாக நடந்தால் சுகர் குறையுமா? குறையாது. நம் ஊர்த் தொப்பையில் குடலைச் சுற்றியுள்ள கொழுப்பும் உண்டு. எந்த லேசரும் அங்கே போகாது, தோலுக்கு அடியில் இருப்பதை மட்டுமே தொடும். 2004-இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வந்த ஆய்வில், பருமனான 15 பெண்களின் வயிற்றிலிருந்து சராசரியாகப் பத்து கிலோ அளவுக்குக் கொழுப்பை எடுத்த பிறகும் இன்சுலின், ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால் எதுவும் மேம்படவில்லை. அழகுக்காகச் செய்வதற்கு மருத்துவக் காப்பீடும் கை கொடுக்காது.

இன்னொரு விஷயம். அரியலூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. நடுராத்திரியில் ஏதாவது ஆனால் நீங்கள் போகப்போவது அங்கேதான். பணியில் இருக்கும் டாக்டர் முதலில் கேட்பது, எவ்வளவு லிடோகெய்ன் போட்டார்கள், எவ்வளவு கொழுப்பு எடுத்தார்கள் என்பதாகத்தான் இருக்கும். இந்த இரண்டு எண்களும் எழுதிய டிஸ்சார்ஜ் சம்மரி இல்லாமல் கிளினிக்கை விட்டுக் கிளம்பாதீர்கள்.