அந்த 2,300 துண்டுகளையும் யார் பார்த்தது?

டெனியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீங்கள். தாய் நியண்டர்தால், தகப்பன் டெனிசோவன். சைபீரியாவின் டெனிசோவா குகையில் ஏறத்தாழ 90,000 வருசத்துக்கு முன் வாழ்ந்த பிள்ளை. 2018இல் இந்தக் கலப்புக் குடும்பம்தான் எல்லா இடமும் செய்தி. எனக்கென்னவோ, அவள் எப்படி அகப்பட்டாள் என்பதுதான் பெரிய கதை.

அந்தக் குகை எலும்புகளில் பெரும்பாலானவை வெறும் நொறுங்கல்கள். எந்த விலங்கு எண்டு கண்ணால் பார்த்துச் சொல்ல ஏலாது. இப்படியானவற்றை வழமையாக 'இனம் தெரியாதவை' எண்டு எழுதிப் பையில் கட்டி வைத்துவிடுவார்கள். ஒக்ஸ்போர்டில் முதுகலை மாணவியாக இருந்த சமந்தா பிரவுன் அந்தப் பைகளைத் திறந்தார். 2,300க்கும் மேற்பட்ட துண்டுகள். ஒவ்வொன்றிலும் 20 மில்லிகிராம் அளவு வெட்டியெடுத்து, ஒவ்வொன்றாகப் பரிசோதனை.

முறை சிக்கலானதில்லை. எலும்பிலுள்ள கொலாஜன் என்ற புரதத்தை நொதியத்தால் சிறு துண்டுகளாக்கி, அவற்றின் திணிவைக் கருவியில் அளப்பார்கள். விலங்குக்கு விலங்கு அந்தத் திணிவுகள் மாறும். செம்மறியையும் வெள்ளாட்டையும்கூடப் பிரித்துச் சொல்லலாம். டி.என்.ஏ. பரிசோதனையைவிடச் செலவும் குறைவு. மமத், ஹைனா எண்டு வந்துகொண்டே இருந்த முடிவுகளுக்குள் ஏறத்தாழ 2.5 சென்ரிமீற்றர் துண்டு ஒன்று மட்டும் மனிதக் குடும்பத்தைக் காட்டியது. எந்த மனிதர் எண்டு கொலாஜன் சொல்லாது. அதற்குப் பிறகுதான் டி.என்.ஏ. வந்தது, புகழையும் கொண்டு போனது.

இது எனக்கு நியாயமாகப் படவில்லை. அந்தச் சலிப்பான வேலை இல்லாவிட்டால் டெனி இன்னமும் பைக்குள்தான்.

எலும்பை வெட்டினால் வெட்டினதுதான், திரும்பி வராது என்பார்கள். சரிதான். மிச்சத்தைப் பத்திரமாக வைத்தால் போதும். வீசினால்தான் எல்லாம் போகும். இந்த முறை வெளியானதே 2009இல். அதற்கு முந்தைய அகழ்வுகளில் வீசப்பட்ட துண்டுகளை இனி எங்கே தேடுவது?

எங்கட பாஹியங்கல குகையில் குரங்கு, அணில் எலும்புகளை வைத்துத்தான் 45,000 வருசத்துக்கு முந்தைய மழைக்காட்டு வேட்டையைப் பற்றி 2019இல் எழுதினார்கள். எங்கட வெக்கையில் கொலாஜன் சைபீரியாக் குளிரில் போல நிலைக்காது. அதனால் அதே முறை இங்கே அப்படியே கைகொடுக்கும் எண்டு நான் சொல்லவரவில்லை. ஆனால் நாளைக்கு எந்த முறை வரும் எண்டு யாருக்குத் தெரியும்? கலைப்பீடத்தில் தொல்லியல் படிக்கிற நாங்கள் அகழ்வறிக்கை எழுதும்போது, 'இனம் தெரியாதவை' எண்டதற்குப் பக்கத்தில் எத்தனை துண்டு, எந்த மண்படை, இப்போது எந்த அறையில் இருக்கிறது என்பதையும் எழுதிவிடுவம்.