"மெதுவா அடிங்க அக்கா" என்று சொல்லவும் பழக வேண்டும்



சிதம்பரத்திலிருந்து உறவுக்காரப் பெண் போன வாரம் போன் செய்தாள். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள் சிலம்பம் பழகுகிறாள். ஜோடிப் பயிற்சியில் அடிபட்டு விரல் வீங்கி வந்திருக்கிறாள். "இனிமே அனுப்பட்டுமா வேணாமா, பெரியம்மா?" என்று கேட்டாள். உங்களில் பலர் வீட்டிலும் இந்தக் கேள்வி இருக்கும். அதனால் இங்கேயே எழுதுகிறேன்.

முதலில் விரலை டாக்டரிடம் காட்டு. ஆறியதும் கட்டாயம் அனுப்பு. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா போட்டியில் சிலம்பமும் இடம்பெற்றது. அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு இட ஒதுக்கீட்டிலும் அது சேர்ந்துவிட்டது. பிள்ளைக்கு நல்ல வழி இருக்கிறது.

என்னைக் கவலைப்பட வைத்தது வீக்கம் அல்ல, பிள்ளை சொன்ன காரணம். "சீனியர் அக்காகிட்ட மெதுவா அடிங்கன்னு எப்படிச் சொல்றது?" என்றாளாம். வகுப்பில் புரியாதபோதும் தலையாட்டும் பிள்ளைகளை எத்தனை வருடம் பார்த்திருக்கிறேன்! அங்கே மதிப்பெண் போகும். இங்கே எலும்பு போகும்.

ஜப்பானில் 1882ல் கானோ ஜிகோரோ ஜூடோவைத் தொடங்கினார். அதில் முதல் பாடமே அடிபடாமல் விழுவது. பிடி தாங்க முடியாவிட்டால் எதிராளியின் உடம்பிலோ விரிப்பிலோ இரண்டு தட்டு தட்டினால் போதும், உடனே விட்டுவிட வேண்டும். தட்டியவரை யாரும் கோழை என்பதில்லை. அந்தத் தைரியத்தில்தான் இருவரும் முழு மூச்சோடு மோதிப் பழக முடிகிறது.

அதற்காக ஜோடிக்கு வலிக்குமே என்று கம்பை ஒரு முழம் தள்ளி வீசுவதும் சரியல்ல. அப்படிப் பழகிய பெண்ணுக்குத் தடுக்கவே வராது. போட்டியில் முதல் வீச்சே அவள் தலைக்கவசத்தில் விழும். தலைக்கு வர வேண்டிய வீச்சு தலைக்கே வரட்டும். வேகம் மட்டும் எதிரில் நிற்பவள் தடுக்கக்கூடிய அளவில் இருக்கட்டும். தொடுமுறைப் போட்டியில் புள்ளி தருவது தொடுவதற்குத்தான், காயப்படுத்துவதற்கு அல்ல.

கடலூரிலும் சிதம்பரத்திலும் சிலம்பம், கராத்தே சொல்லித் தரும் என் மாணவர்களுக்கு மூன்று வேண்டுகோள்:

1. கம்பெடுக்கும் முன் இன்று என்ன வேகம் என்று ஜோடிகள் பேசிக்கொள்ளட்டும். சின்னவர் சொல்லும் வேகமே முடிவு.

2. கம்பைத் தரையில் ஊன்றினால் ஆட்டம் நிற்க வேண்டும். காரணம் கேட்க வேண்டாம்.

3. நிறுத்தச் சொன்ன பிள்ளையை எல்லோர் முன்பும் பாராட்டுங்கள். கேலி செய்பவரைக் கண்டியுங்கள்.

பெண் பிள்ளைகளைத் தற்காப்புக்கென்றுதான் அனுப்புகிறோம். தெரிந்த அக்காவிடமே "போதும்" என்று சொல்ல வாய் வராதவள், தெருவில் முன்பின் தெரியாதவனிடம் எப்படிச் சொல்வாள்? அந்த ஒரு சொல்லையும் கம்போடு சேர்த்துக் கற்றுக் கொடுங்கள்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். ஒன்றுவிடாமல் படிப்பேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்