உலகக் குடிமையும் நம் வகுப்பறையும்

ஆண்டுதோறும் அக்டோபர் 24-ஆம் நாள் ஐக்கிய நாடுகள் தினம் வருகிறது. பல நாட்டு உடைகளில் சிறுமியரை மேடையேற்றி மகிழ்கிறோம். கணியன் பூங்குன்றனாரின் பாடலை முழங்கிக் கைதட்டலும் பெறுகிறோம். விழா முடிந்ததும் உடைகள் பெட்டிக்குள் போய்விடுகின்றன. அவற்றோடு உலகக் குடிமை உணர்வும் பெட்டிக்குள் போய்விடலாகாது என்பதே நம் கருத்து.

நாடுகளிடையே நல்லெண்ணமும் அமைதியும் வளரக் கல்வி துணைபுரிய வேண்டும் என்று யுனெஸ்கோ 1974-இல் பரிந்துரை செய்தது. 2023-இல் அது புதுப்பிக்கப்பட்டது. ஆனால் எந்தப் பரிந்துரையும் வகுப்பறைக்குள் நுழைவது ஆசிரியை வழியாகத்தான். அதற்குத் தனிப் பாடவேளையோ புதிய புத்தகமோ வேண்டுவதில்லை. நாள்தோறும் நடத்தும் பாடங்களே போதும்.

பூகோள வகுப்பை எடுத்துக்கொள்வோம். 1569-இல் கடலோடிகளின் வசதிக்காக மெர்காட்டர் வகுத்த முறையில் வரைந்த உலகப் படத்தில், கிரீன்லாந்து ஆப்பிரிக்காவுக்கு நிகராகத் தோன்றும். உண்மையில் ஆப்பிரிக்கா அதைப்போல் ஏறத்தாழ 14 மடங்கு பெரியது. நம் இந்தியாவே கிரீன்லாந்தைவிடப் பெரியது! மாணவியரையே பரப்பளவுகளைத் தேடி ஒப்பிடச் செய்வோம். பிற நாட்டாரைப் பற்றிக் காதில் விழும் செய்திகளையும் இவ்வாறே ஆராய்ந்து ஏற்க வேண்டும் என்ற எண்ணம் அங்கே முளைவிடும்.

சரித்திர வகுப்பில் மனித உரிமைப் பிரகடனம் வருகிறது. 1948 டிசம்பர் 10-இல் ஐ.நா. பொதுச்சபை அதை ஏற்றது. அதன் முதல் விதி, 'ஆண்கள்' என்றும் பொருள்படும் ஆங்கிலச் சொல்லோடு தொடங்கவிருந்தது. இந்தியப் பிரதிநிதி ஹன்சா மேத்தா வாதாடியதால் 'மனிதர் அனைவரும்' என்று பொருள்படும்படி மாறியது. ஆண்டை மட்டும் மனப்பாடம் செய்யும் மாணவி அதை மறந்துவிடுவாள். ஒரு சொல்லுக்காகப் போராடிய பெண்மணியை மறக்கமாட்டாள்.

விஞ்ஞான வகுப்பில் பெரியம்மை ஒழிந்த வரலாற்றைச் சொல்லலாம். பகைமை பாராட்டிய அமெரிக்காவும் சோவியத் நாடும் அப்பணியில் கைகோத்தன. நம் நாட்டில் பணியாளர்கள் வீடுவீடாகச் சென்று நோயாளிகளைத் தேடினர். 1980-இல் உலகமே அந்நோயிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது.

ஆனால் உண்மையான தேர்வு வேறிடத்தில் நடக்கிறது. வேறு மாநிலத்திலிருந்து பிழைப்புக்காக வந்த குடும்பத்துச் சிறுமி தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள். பின்வரிசையில் சிரிப்பொலி எழுகிறது. அப்போது ஆசிரியை காணாததுபோல் இருந்துவிட்டால், அதுவரை நடத்திய பாடமெல்லாம் வீண். மாறாக, ஒன்று முதல் பத்து வரை அவளுடைய மொழியில் வகுப்புக்குச் சொல்லித்தரும்படி அவளையே அழைத்தால்? சிரித்தவர்களின் நாக்கு புரளத் தடுமாறும். பிறமொழியைக் கற்பது எத்தனை கடினம் என்பது அவர்களுக்கு அப்போது விளங்கும். தயங்கி நின்றவளோ அன்று ஆசிரியையாகிறாள்.

"பரீட்சைப் பாடங்களுக்கே நேரம் போதவில்லையே" என்று பெற்றோர் சிலர் கேட்கலாம். மேற்கூறியவை யாவும் பாடத்தோடு இணைந்தவையே. "நாட்டுப்பற்று குறைந்துவிடாதா?" என்றும் கேட்கலாம். தன் தாயை நேசிப்பவள் பிறர் தாயை இகழமாட்டாள். ஹன்சா மேத்தா விடுதலைப் போரில் சிறை சென்றவர் என்பதை நினைவில் கொள்வோம்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். சாதி, நிறம், மொழி பற்றி வீட்டில் பேசும் ஏளனச் சொல் மறுநாள் வகுப்பறைக்கு வந்துவிடுகிறது. பள்ளி விதைப்பதை வீடு பிடுங்கி எறியாதிருக்கட்டும்.

மாணவியரே! உலகம் எங்கோ கடலுக்கு அப்பால் தொடங்குவதன்று. உங்கள் பெஞ்சில் அடுத்து அமர்ந்திருப்பவளிடமிருந்தே அது தொடங்குகிறது. அவளுக்குச் சிறிது இடம் விட்டு அமருங்கள்.