வரிக்குதிரை யாருடையது?

ஒரு பென்சிலும் துண்டுக் காகிதமும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். அடுப்பில் பால் வைத்திருந்தால் முதலில் அதை இறக்கிவிடுங்கள். இந்த வாரம் புதிர் போடப் போகிறோம். பால் பொங்கி வழிந்தால் நாம் பொறுப்பல்ல!

1962-ம் வருஷம் டிசம்பர் 17-ந் தேதியிட்ட 'லைஃப் இன்டர்நேஷனல்' பத்திரிகையில் வந்த புதிர் இது. வரிசையாக ஐந்து வீடுகள். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வர்ணம். ஐந்திலும் ஐந்து தேசத்தார் குடியிருக்கிறார்கள். அவர்கள் வளர்க்கும் பிராணி வேறு, குடிக்கும் பானம் வேறு, பிடிக்கும் சிகரெட்டும் வேறு. பதினைந்து குறிப்புகளைக் கொடுத்துவிட்டு இரண்டே கேள்விகள் கேட்டார்கள். தண்ணீர் குடிப்பவர் யார்? வரிக்குதிரை வளர்ப்பவர் யார்?

"பூ, இவ்வளவுதானா? எல்லா விதமாகவும் எழுதிப் பார்த்தால் ஒன்று பொருந்தாமலா போகும்?" என்று சொல்லத் தோன்றுகிறதா? சற்றுப் பொறுங்கள். ஐந்து வர்ணங்களை ஐந்து வீடுகளுக்கு 120 விதமாகப் பங்கிடலாம். தேசத்தார், பிராணி, பானம், சிகரெட் ஒவ்வொன்றுக்கும் அதே 120. எல்லாவற்றையும் பெருக்கினால் 2,488 கோடியே 32 லட்சம் விதங்கள் வருகின்றன. விநாடிக்கு ஒன்று வீதம் ஊண் உறக்கமின்றி எழுதினாலும் 788 வருஷம் பிடிக்கும்!

ஆகவே வேறு வழி பார்ப்போம். வீடுகளை இடப்பக்கத்திலிருந்து எண்ணுங்கள். நார்வேக்காரர் முதல் வீட்டில் இருக்கிறார். அவருக்கு அடுத்தது நீல வீடு. ஆக, இரண்டாவது வீடு நீலம். ஆங்கிலேயரின் வீடு சிவப்பு; எனவே முதல் வீடு சிவப்பு அல்ல. தந்த நிற வீட்டை ஒட்டினாற்போல் அதன் வலப்பக்கத்தில் பச்சை வீடு. முதல் வீட்டுக்கு இடப்பக்கம் வீடே இல்லையே, அது எப்படிப் பச்சையாகும்? அதன் வலப்பக்கம் இருப்பது நீலம். எனவே அது தந்த நிறமும் அல்ல. மிச்சம் என்ன? மஞ்சள்!

மஞ்சள் வீட்டுக்காரர் பிடிப்பது கூல்ஸ் சிகரெட். இனி நார்வேக்காரரின் பானத்தைக் கவனியுங்கள். காபி பச்சை வீட்டில், அவருக்கு இல்லை. பால் நடு வீட்டில், அதுவும் இல்லை. தேநீர் உக்ரேனியருக்கு. ஆரஞ்சு ரசம் லக்கி ஸ்ட்ரைக் சிகரெட் பிடிப்பவருக்கு. பாவம், நார்வேக்காரருக்கு மிஞ்சியது தண்ணீர்தான்!

பார்த்தீர்களா? முதல் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. எங்கேயாவது குருட்டாம்போக்கில் ஊகித்தோமா? இல்லவே இல்லை. எது ஆகாதோ அதை அடித்துக்கொண்டே வந்தோம். ஆவது தானாக வந்து நின்றது.

செயற்கை நுண்ணறிவு என்று இன்று ஊரெல்லாம் பேசுகிறார்களே, அந்தச் சாஸ்திரத்தின் பழைய கிளை ஒன்று இதைத்தான் செய்கிறது. கம்ப்யூட்டரிடம் மூன்று பட்டியல்களைக் கொடுக்கிறார்கள். தீர்மானிக்க வேண்டியவை எவை என்பது முதல் பட்டியல். நம் புதிரில் அவை 25: வர்ணம், தேசத்தார், பிராணி, பானம், சிகரெட், வகைக்கு ஐந்து. ஒவ்வொன்றுக்கும் என்னென்ன விடை சாத்தியம் என்பது இரண்டாவது. இங்கே ஒன்று முதல் ஐந்து வரை வீட்டு எண்கள்தான். மூன்றாவது பட்டியலில் நிபந்தனைகள். அப்புறம் கம்ப்யூட்டர் நிபந்தனைக்கு ஒவ்வாத எண்களை வரிசையாக அடிக்கத் தொடங்கும். ஓர் இடத்தில் அடித்தால் பக்கத்து இடத்தில் ஒன்று விழும். அது விழுந்தால் அடுத்ததில் இன்னொன்று!

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் டேவிட் வால்ட்ஸ் என்பவர் 1972-ல் இந்த வித்தையைச் செய்து காட்டினார். கட்டைகளும் நிழல்களும் வரைந்த கோட்டுச் சித்திரத்தில் எந்தக் கோடு பொருளின் விளிம்பு, எது நிழலின் விளிம்பு என்று கம்ப்யூட்டர் சொல்ல வேண்டும். ஒவ்வொரு மூலைக்கும் ஏராளமான சாத்தியங்கள் இருந்தன. அண்டை மூலையோடு ஒத்துப்போகாதவற்றை அடித்ததும் பெரும்பாலும் மிகச் சிலவே மிஞ்சின. 1977-ல் ஆலன் மாக்வொர்த் இந்த அடிக்கும் முறையை எந்தப் பிரச்சினைக்கும் பொருந்தும்படி பொதுவாக வகுத்து எழுதினார்.

அடித்து அடித்துப் பார்த்தும் தீராவிட்டால்? வரிக்குதிரை விஷயம் அப்படிப்பட்டதுதான். கடைசி மூன்று வீடுகளுக்கு இரண்டு வரிசைகள் மிஞ்சுகின்றன: தந்தம், பச்சை, சிவப்பு, அல்லது சிவப்பு, தந்தம், பச்சை. ஒன்றை 'இருக்கட்டும்' என்று வைத்துக்கொண்டு மேலே போங்கள். முட்டிக்கொண்டால் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி மற்றதை எடுங்கள். கம்ப்யூட்டரும் இப்படித்தான் போய்ப் போய்த் திரும்பும். மிச்சக் குறிப்புகள் இவை: ஸ்பானியர் நாய் வளர்க்கிறார். ஓல்டு கோல்டு பிடிப்பவர் நத்தை வளர்க்கிறார். செஸ்டர்ஃபீல்டு பிடிப்பவர் வீட்டுக்கு அடுத்த வீட்டில் நரி. கூல்ஸ் பிடிப்பவர் வீட்டுக்கு அடுத்த வீட்டில் குதிரை. ஜப்பானியர் பிடிப்பது பார்லிமென்ட். போட்டுப் பாருங்கள், விடையைக் கடைசியில் சொல்கிறோம்.

"இதெல்லாம் பொழுதுபோக்குக்குச் சரி, வீட்டுக்கும் உத்தியோகத்துக்கும் என்ன உபயோகம்?" என்று கேட்பீர்கள். பரீட்சைக் கால அட்டவணை, பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்களின் பாடவேளை, ஆஸ்பத்திரியில் நர்ஸுகளின் முறை வேலை, எல்லாம் இந்த ஐந்து வீட்டுப் புதிரின் பெரிய அண்ணன்மார்கள்தாம். அங்கேயும் அதே மூன்று பட்டியல்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் மறக்காதீர்கள். அந்தப் பதினைந்து குறிப்புகளில் வரிக்குதிரை என்ற பேச்சே கிடையாது, தண்ணீரும் கிடையாது. கேள்வியைப் படித்ததும் ஐந்தாவது பிராணி அதுதான் என்று நாமாகச் சேர்த்துக்கொண்டோம். கம்ப்யூட்டருக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது. பட்டியலில் எழுதினால் உண்டு. எழுதாவிட்டால் அது உலகத்திலேயே இல்லை.

'இரவு முழுதும் வேலை பார்த்த நர்ஸை விடிந்ததும் மறுபடி வேலைக்குப் போடக் கூடாது' என்ற ஒரு வரியை எழுத மறந்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் கூசாமல் போட்டுவிடும். கொடுத்த நிபந்தனைகளின்படி அந்த அட்டவணையில் ஒரு பிழையும் இராது. ஆனால் தூங்காத கண்ணோடு ஊசி போடப்போவது அந்தப் பெண். கையை நீட்டப்போவது நோயாளி. எல்லா நிபந்தனைகளும் ஒன்றுக்கொன்று பொருந்தாவிட்டாலோ, 'விடை இல்லை' என்று அது கைவிரித்துவிடும். எதை விட்டுக்கொடுப்பது என்று மனிதர்கள்தாம் உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டும்.

ஆகையால், "கம்ப்யூட்டர் போட்ட அட்டவணை, மாற்ற முடியாது" என்று யாராவது உங்களிடம் சொன்னால் பயந்துவிடாதீர்கள். "நிபந்தனைகளை எழுதியது யார்? எழுதுமுன் எங்களை ஒரு வார்த்தை கேட்டாரா?" என்று மரியாதையாகவே கேளுங்கள்.

சரி, விடைக்கு வருவோம். வரிக்குதிரை ஐந்தாவது வீட்டு ஜப்பானியருடையது. அதை எதற்காக வளர்க்கிறார் என்று மட்டும் கேட்காதீர்கள். அது குறிப்பில் இல்லை!