'ஆக்டா கோர்' போன்: எட்டும் ஒரே வேகம்தானா?

போன் வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் சொல்வது, "சார், இது ஆக்டா கோர்." எட்டு கோர் என்றால் நாலு கோரைவிட இரண்டு மடங்கு வேகம் என்று நாமும் நம்பிவிடுகிறோம். ஆனால், பெரும்பாலான போன்களில் அந்த எட்டும் ஒரே மாதிரி இல்லை.

2011-ல் ஆர்ம் நிறுவனம் 'பிக்.லிட்டில்' என்ற வடிவமைப்பை அறிவித்தது. ஒரே சிப்பில் வேகமான கோர்கள் சில, மெதுவான கோர்கள் சில. வேகமானது பேட்டரியைக் குடிக்கும், மெதுவானது சிக்கனம். பாட்டு கேட்க, வாட்ஸ்அப் மெசேஜ் வாங்க சின்ன கோரே போதும். கேம் விளையாடினால்தான் பெரிய கோருக்கு வேலை.

சரி, எந்த வேலையை எதற்குக் கொடுப்பது? அதை முடிவு செய்வது ஆபரேட்டிங் சிஸ்டத்தில் இருக்கும் 'ஷெட்யூலர்'. எல்லோருக்கும் சமமாகப் பிரித்துக் கொடுத்தால் ஆச்சு என்று தோன்றும். சிக்கலே அங்கேதான். ஒரு வேலையைப் பெரிய கோர் 10 நொடியிலும், சின்ன கோர் 30 நொடியிலும் முடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதிப் பாதியாகப் பிரித்தால், பெரியது 5 நொடியில் முடித்துவிட்டு சும்மா நிற்கும். சின்னது 15 நொடி இழுக்கும். பெரிய கோர் தனியாகச் செய்திருந்தாலே 10 நொடிதான்! முக்கால் பங்கை பெரியதற்கும் கால் பங்கை சின்னதற்கும் கொடுத்தால், இரண்டும் ஏழரை நொடியில் முடிக்கும்.

நிஜத்தில் எந்த வேலை எவ்வளவு பெரிது என்று முன்கூட்டியே தெரியாது. சற்றுமுன் வரை அது எவ்வளவு நேரம் கோரைப் பிடித்து வைத்திருந்தது என்பதைப் பார்த்து ஷெட்யூலர் ஊகிக்க வேண்டும். 2013-ல் இந்தியாவில் விற்ற சாம்சங் கேலக்ஸி எஸ்4-ல் எட்டு கோர் இருந்தும், ஒரு நேரத்தில் நாலுதான் ஓடின. ஆண்ட்ராய்டுக்கு அடித்தளமான லினக்ஸில், மின்செலவையும் கணக்கிட்டு வேலை பிரிக்கும் வசதி அதிகாரபூர்வமாகச் சேர்ந்ததே 2019-ல்தான்.

கம்ப்யூட்டரிலும் இதே கதை. 2021-ல் இன்டெல்லின் 'ஆல்டர் லேக்' சிப் இரண்டு வகை கோர்களுடன் வந்தபோது, சில கேம்கள் திறக்கவே இல்லை. அவற்றில் இருந்த திருட்டுத் தடுப்பு மென்பொருள், சின்ன கோரை வேறொரு கம்ப்யூட்டர் என்று நினைத்துக்கொண்டதுதான் காரணம்!

இப்போது காற்று திசை மாறுகிறது. 2023-ல் மீடியாடெக்கின் டைமென்சிட்டி 9300, அடுத்த ஆண்டு குவால்காமின் ஸ்னாப்டிராகன் 8 எலைட் இரண்டுமே சின்ன கோர்களைக் கைவிட்டன. வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டு சிப் தூங்கினால் அதுவும் மிச்சம்தான் என்பது அவர்கள் வாதம். சூடு பிரச்சினை மட்டும் அப்படியே இருக்கிறது.

அதனால் அடுத்த முறை கடையில் "எத்தனை கோர்?" என்று கேட்காதீர்கள். "அதில் பெரிய கோர் எத்தனை?" என்று கேளுங்கள். முடிந்தால், கால் மணி நேரம் கேம் ஓடிய பிறகும் அதே வேகம் நிற்கிறதா என்று காட்டும் ரிவ்யூ ஒன்றைப் பார்த்துவிட்டுப் போங்கள்.